சுவருக்கு அந்தப் பக்கம்: ஒரு ஸ்வீடன் பேய்ப்படம் எப்படிப் பயமுறுத்துகிறது?

2020-இல் ஸ்வீடனில் ஒரு பேய்வீட்டுப் படம் வந்தது. அங்கே அதன் பெயர் 'ஆண்ட்ரா சீடன்'. வெளிநாடுகளுக்கு 'தி ஈவில் நெக்ஸ்ட் டோர்' என்று போனது. டோர்ட் டேனியல்சன், ஆஸ்கர் மெலாண்டர் இருவரும் சேர்ந்து இயக்கிய படம். ஃப்ரெட்ரிக் தன் சின்னப் பையன் லூகாஸையும் புதுத் துணைவி ஷிரினையும் கூட்டிக்கொண்டு, நடுச்சுவர் ஒன்றாக இருக்கும் இரட்டை வீட்டில் ஒரு பாதிக்குக் குடிவருகிறான். மறுபாதி காலி. ஆனால் அந்தப் பக்கம் தனக்கு ஒரு நண்பன் இருப்பதாகப் பையன் சொல்கிறான். ஃப்ரெட்ரிக் வேலைக்காக வெளியூர் போய்விட, பையனோடு தனியாக மாட்டிக்கொள்பவள் ஷிரின்.

படத்துக்குக் கிடைத்த வரவேற்பு ஒரு தினுசானது. நடிப்பு நன்றாக இருக்கிறது, சில இடங்களில் தூக்கிவாரிப் போடுகிறது என்றார்கள். கூடவே, எல்லாம் ஏற்கெனவே பார்த்த சரக்குதானே என்றும் அலுத்துக்கொண்டார்கள். பயந்தும் இருக்கிறார்கள், சலித்தும் இருக்கிறார்கள். இதில் முரண் எதுவும் இல்லை. திகில் படம் நம் தலைக்குள் இரண்டு தனித்தனி வேலைகளைத் தூண்டிவிடுகிறது. ஒன்று பலித்து இன்னொன்று பலிக்காமல் போவது சகஜம்.

முதலாவது, திடுக்கிடல். திடீரென்று ஒரு பெரிய சத்தம் கேட்டால் 20 முதல் 50 மில்லிநொடிக்குள் கண் இமைகள் மூடத் தொடங்கிவிடும். கழுத்து உள்ளிழுக்கும், தோள் ஏறும். இதற்கு யோசனை தேவையில்லை. காதிலிருந்து வரும் செய்தி மூளைத்தண்டில் பான்ஸ் என்ற பகுதியிலுள்ள சில நரம்பணுக்களைத் தொட்டு, அப்படியே தண்டுவடம் வழியாகத் தசைக்கு இறங்கிவிடுகிறது. 'இது வெறும் படம்' என்று மேல்மூளை சொல்லும் முன்பே உடம்பு துள்ளத் தொடங்கியிருக்கும். அமெரிக்காவில் லாண்டிஸ், ஹன்ட் என்ற இரு உளவியலாளர்கள் துப்பாக்கி வெடியை வைத்து, அதிவேகக் கேமராவில் இதைப் படம்பிடித்து 1939-இல் ஒரு புத்தகமே போட்டார்கள். 1985-இல் பால் எக்மன் என்ற உளவியலாளரின் குழு இன்னும் ஒரு படி போனது. துப்பாக்கி எந்த நொடியில் வெடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். துள்ளல் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

அதனால்தான் நூறு பேய்ப்படம் பார்த்தவரும் துள்ளுகிறார். அது படத்தின் சாமர்த்தியம் என்று சொல்ல முடியாது; ஒலிக்கலவைக்காரர் பட்டனை அழுத்தினார், அவ்வளவுதான். ஆனால் இதிலும் ஒரு கணக்கு உண்டு. அடுத்தடுத்து அதே வெடியைப் போட்டால் துள்ளல் தேய்ந்துகொண்டே போகும். சத்தத்துக்கு ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு முன்னால் மெல்லிய ஒலி ஒன்று கேட்டாலே துள்ளல் அடங்கிவிடும் என்பதும் ஆய்வுக்கூடத்தில் நன்கு பதிவானது.

துள்ளலைப் பெரிதாக்க வேண்டுமென்றால், ஏற்கெனவே பதற்றத்தில் இருப்பவரைத் திடுக்கிட வைக்க வேண்டும். அப்போது மூளையில் ஆபத்தை உணரும் பகுதியான அமிக்டலா அந்த மூளைத்தண்டுச் சுற்றின் பலத்தைக் கூட்டிவிடுகிறது. 1997-இல் கிறிஸ்டியன் கிரியோன் குழு காட்டியது எனக்குப் பிடித்த முடிவு: விளக்கை அணைத்தாலே போதும், மனிதர்கள் இன்னும் பலமாகத் திடுக்கிடுகிறார்கள். எலிகளிடம் இது தலைகீழ். வெளிச்சம் போட்டால்தான் அவற்றுக்குத் துள்ளல் கூடும். எலிகளுக்குப் பேய்ப்படம் எடுப்பதென்றால் நட்டநடுப் பகலில்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, உள்ளே ஊறும் பயம். பின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகத்தில் லௌரி நும்மென்மா குழு, திகில் படங்களை ஓடவிட்டுப் பார்வையாளர்களின் மூளையை ஸ்கேன் செய்தது. முடிவுகள் 2020-இல் வெளியாயின. பேய் சட்டென்று பாயும் தருணத்தில் அமிக்டலா உள்ளிட்ட, உணர்ச்சியும் ஆபத்தும் சம்பந்தப்பட்ட பகுதிகள் எழுந்தன. ஒன்றும் நடக்காமல் பயம் மெதுவாக ஏறும் நேரத்திலோ, பார்ப்பதற்கும் கேட்பதற்கும் உரிய பகுதிகளின் வேலை கூடியது. எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாதபோது மூளை கண்ணையும் காதையும் தீட்டிக்கொள்கிறது. கண்ணால் கண்டதைவிட, காட்டாமல் உணர்த்தப்பட்டதுதான் அதிகம் பயமுறுத்தியது என்று அவர்கள் கேட்ட பார்வையாளர்களும் சொன்னார்கள்.

இந்த இடத்தில்தான் ஸ்வீடன் படத்தின் நடுச்சுவரைப் பாராட்ட வேண்டும். பாழடைந்த மாளிகையும் வேண்டாம், கல்லறையும் வேண்டாம். பக்கத்து வீட்டுச் சுவர் போதும். ஒலி இயற்பியல் இதற்கு நன்றாகவே கைகொடுக்கிறது. ஒரு கெட்டியான சுவர், ஒலியின் அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 6 டெசிபல் அதிகமாகத் தடுக்கும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. அப்படியென்றால் 250 ஹெர்ட்ஸ் ஒலியைவிட 2,000 ஹெர்ட்ஸ் ஒலி 18 டெசிபல் கூடுதலாக அடிவாங்கும். பேச்சில் ஏற்ற இறக்கமும் உயிரொலிகளின் கனமும் பெரும்பாலும் கீழ் அதிர்வெண்ணில் இருக்கின்றன. சொல்லைச் சொல்லாகப் பிரித்துக் காட்டும் ஸ், ட், க் போன்றவை மேலே இருக்கின்றன. ஆக, சுவர் தாண்டி வருவது யாரோ பேசுகிறார்கள் என்பது மட்டுமே. என்ன பேசுகிறார்கள் என்பது அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. விடுபட்ட எழுத்துகளை மூளை தானே நிரப்பப் பார்க்கும். பயந்திருக்கும் மூளை எதை நிரப்பும் என்று சொல்லத் தேவையில்லை.

போதாக்குறைக்கு மரச்சட்ட வீடு. ஸ்வீடனில் தனி வீடுகள் பெரும்பாலும் மரத்தில் கட்டப்படுபவை. குளிர்காலத்தில் உள்ளே சூடேற்றிய வறண்ட காற்று, வெளியே உறைபனி. மரம் ஈரம் இழந்து சுருங்கும், இரவில் வெப்பம் இறங்கும்போது இணைப்புகள் வழுக்கும், 'டக்' என்று சத்தம் வரும். பகலில் இது யார் காதிலும் விழாது.

சரி, இவ்வளவு வசதி இருந்தும் ஏன் 'பார்த்த சரக்கு' என்கிறார்கள்? ஊறும் பயம் நிச்சயமின்மையில் பிழைப்பது. பையனுக்குக் கண்ணுக்குத் தெரியாத நண்பன் என்றதுமே, பழகிய பார்வையாளருக்கு மீதிக் கதை தெரிந்துவிடுகிறது. அப்பா போய்விடுவார், சித்தியை யாரும் நம்பமாட்டார்கள், கடைசியில் சுவர் தாண்டிப் போகவேண்டி வரும். யூகம் சரியாகிக்கொண்டே போனால் கண்ணும் காதும் தீட்டிக்கொள்ளக் காரணம் இல்லை. மூளைத்தண்டு மட்டும் எப்போதும்போலத் துள்ளும். முதன்முறை இந்த வகைப் படம் பார்ப்பவருக்கு இரண்டுமே வேலை செய்யும். இருவரும் பார்த்தது ஒரே படம், இருவர் சொல்வதும் உண்மை.

படத்தோடு ஒட்டிய 'உண்மைச் சம்பவங்களின் தூண்டுதலில்' என்ற சீட்டும் சும்மா இல்லை. நிஜத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் கதைகளை அதிகப் பயமானவையாகப் பார்வையாளர்கள் கருதியதை அதே துர்கு ஆய்விலும் காணலாம். 1997-இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், மூடிக்கிடந்த தியேட்டர் ஒன்றுக்குள் 22 பேரை உலவவிட்டார்கள். பாதிப்பேரிடம் இங்கே பேய் உண்டு என்றார்கள், மீதிப்பேரிடம் புதுப்பிக்கும் வேலை நடக்கிறது என்றார்கள். விசித்திர உணர்வுகளை அதிகம் சொன்னது முதல் பாதிதான்.

ஸ்வீடனுக்கு இந்தச் சீட்டு புதிதும் இல்லை. யாம்ட்லாண்ட் பகுதியில் போரிவாட்னெட் என்ற ஊரில் 1876-இல் கட்டிய பாதிரியார் வீடு ஒன்று உண்டு. காயப்போட்ட துணிகள் தானாகக் கொடியிலிருந்து பிடுங்கப்பட்டதாக நில்ஸ் ஹெட்லுண்ட் என்ற பாதிரியார் 1927-இல் சொன்னதிலிருந்து அதன் பேய்ப்புகழ் தொடங்கியது. உட்கார்ந்தவரைத் தள்ளிவிடும் ஆடும் நாற்காலி என்று அப்புறம் கதைகள் சேர்ந்தன. பின்னாளில் அது விடுதியானது. இரவு முழுக்கத் தாக்குப்பிடித்தவர்களுக்குச் சான்றிதழ் தந்தார்கள். சான்றிதழ் வாங்க வந்து படுத்தவருக்கு ஒரு பலகை முனகினாலும் தூக்கம் எப்படி வரும்?

பேய்க்குக் காரணம் காதுக்குக் கேட்காத தாழ் ஒலி என்ற விளக்கம் இணையத்தில் அடிக்கடி சுற்றும். விக் டாண்டி என்ற பிரிட்டிஷ் பொறியாளர், தன் ஆய்வுக்கூடத்தில் தெரிந்த 'பேய்க்கு' அங்கிருந்த காற்றாடியின் 19 ஹெர்ட்ஸ் அதிர்வே காரணம் என்று 1998-இல் எழுதிய கதை அது. சுவையான கதைதான். ஆனால் 2009-இல் கிறிஸ் ஃப்ரெஞ்ச் என்ற உளவியலாளரின் குழு அப்படியொரு அறையையே செய்து, தாழ் ஒலியையும் காந்தப்புலத்தையும் போட்டும் அணைத்தும் பார்த்தது. பலருக்கு விசித்திர உணர்வுகள் வந்தன. கருவி ஓடியதா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் தெரியவில்லை. எதிர்பார்ப்புதான் பெரிய கருவி என்று எனக்குத் தோன்றுகிறது.

பயமாக இருந்தால் படம் பிடித்துப் போகுமா? டென்மார்க்கின் வெய்லே நகரில் ஒரு கேளிக்கைப் பேய்வீடு இருக்கிறது. அதற்குள் 110 பேரை இதயத்துடிப்புக் கருவியோடு அனுப்பி, ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தார் 2020-இல் முடிவைச் சொன்னார்கள். பயம் ஏற ஏற ரசிப்பும் ஏறியது, ஓர் உச்சிக்குப் பிறகு இறங்கியது. அந்த உச்சி எல்லாருக்கும் ஒரே இடத்தில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஸ்வீடன் படத்தைக் குறைசொன்ன பழம்பெரும் ரசிகர்கள் அந்த மேட்டில் இன்னும் பாதிகூட ஏறவில்லை. பாதியிலேயே படத்தை நிறுத்தியவர் யாராவது இருந்தால், அவர் உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிவிட்டார்.