‘சர்டிஃபைடு’ என்று சொன்னால் போதாது: அமெரிக்காவில் நர்ஸ் மிட்வைஃப் தேடுகிறவர்களுக்கு

நான் நர்ஸ் மிட்வைஃப், அதாவது பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்ற செவிலியர். போன குளிர்காலத்தில் 33 வாரக் கர்ப்பத்தோடு ஒரு பெண் எங்கள் கிளினிக்குக்கு வந்தார். கையில் கோடு போட்ட ஒரு நோட்டு. அதுவரை அவரைப் பார்த்துவந்த மிட்வைஃப் எழுதிக் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் தேதி, ரத்த அழுத்தம், குழந்தையின் இதயத் துடிப்பு, வயிற்றின் அளவு. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தேன். ஒரு ரத்தப் பரிசோதனைகூட இல்லை. 24 வாரத்திலிருந்து 28 வாரத்துக்குள் முடித்திருக்க வேண்டிய சர்க்கரைப் பரிசோதனையும் இல்லை.

ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். “இயற்கையா போகலாம்னு சொன்னாங்க அக்கா. அவங்க சர்டிஃபைடுதான், சுவர்ல சர்டிஃபிகேட் மாட்டியிருந்தாங்க” என்றார். அந்தச் சான்றிதழின் படம் அவர் ஃபோனில் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தோம். அது டூலா பயிற்சி முடித்ததற்கான சான்று. பிரசவத்தின்போது கூடவே இருந்து கையைப் பிடித்து, முதுகை நீவி, தைரியம் சொல்கிறவர்தான் டூலா. நல்ல வேலை அது, நானே பலருக்குச் சிபாரிசு செய்கிறேன். ஆனால் டூலா மருத்துவம் பார்ப்பவர் இல்லை. பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்காததற்கு இயற்கை காரணமில்லை. லேபுக்கு எழுத அவருக்கு உரிமை கிடையாது, அவ்வளவுதான்.

அன்றே சர்க்கரை பார்த்தோம், கூடுதலாகத்தான் இருந்தது. சாப்பாட்டை மாற்றி, மருந்து கொடுத்து, நல்லபடியாகப் பிரசவம் ஆனது. ஆனால் அந்தப் பெண் ஏமாந்தது படிக்காததால் இல்லை, அவர் நன்றாகப் படித்தவர். பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளுக்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

‘மிட்வைஃப்’ என்ற ஒரே சொல்லை இந்த நாட்டில் பல தரப்பினர் பயன்படுத்துகிறார்கள். சி.என்.எம்., அதாவது சர்டிஃபைடு நர்ஸ் மிட்வைஃப், முதலில் பதிவு பெற்ற செவிலியராக இருக்க வேண்டும். அதன் மேல் அங்கீகாரம் பெற்ற மகப்பேறு படிப்பை முடிக்க வேண்டும். 2010லிருந்து இதற்கு முதுகலை அளவிலான பட்டம் கட்டாயம். பிறகு ஏ.எம்.சி.பி. என்ற அமெரிக்க மிட்வைஃபரி சான்றளிப்பு வாரியம் நடத்தும் தேசியத் தேர்வில் தேற வேண்டும். கடைசியாக, வேலை செய்யும் மாநிலத்தின் லைசென்ஸ் வேண்டும். இந்த லைசென்ஸ் 50 மாநிலங்களிலும் உண்டு. மருந்து எழுதும் உரிமையும் உண்டு. பேறுகாலக் கவனிப்பு, பிரசவம், பிறந்த குழந்தையின் முதல் 28 நாள், கருத்தடை, மாதவிடாய் நிற்கும் வயதின் தொல்லைகள் எல்லாம் எங்கள் வேலைக்குள் வரும். சிசேரியன் நாங்கள் செய்வதில்லை. தேவைப்பட்டால் மகப்பேறு மருத்துவரை அழைப்போம்.

சி.எம்., அதாவது சர்டிஃபைடு மிட்வைஃப், என்று மட்டும் இருந்தால், அவரும் அதே தேர்வை எழுதித் தேறியவர்தான், ஆனால் செவிலியர் படிப்பு வழியாக வராதவர். சில மாநிலங்கள்தான் இவர்களுக்கு லைசென்ஸ் தருகின்றன. சி.பி.எம்., அதாவது சர்டிஃபைடு புரொஃபெஷனல் மிட்வைஃப், என்பது வேறு பாதை. வீட்டிலும் பிரசவ மையங்களிலும் பிரசவம் பார்ப்பதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இவர்கள். சான்றளிப்பது நார்ம் என்ற வேறு அமைப்பு. பல மாநிலங்களில் லைசென்ஸ் உண்டு, சிலவற்றில் இல்லை. இவர்களைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. எழுத்து ஒன்று மாறினால் படிப்பு, உரிமை, இன்சூரன்ஸ் எல்லாமே மாறிவிடும் என்பதைத்தான் சொல்கிறேன். எழுத்தே இல்லாமல் வெறும் ‘மிட்வைஃப்’ என்று கார்டில் போட்டிருந்தால், என்ன படித்தீர்கள், யார் சான்று கொடுத்தார்கள் என்று வாய் திறந்து கேட்டுவிடுங்கள்.

இன்னும் இரண்டு குழப்பங்கள் நம் குடும்பங்களில் அடிக்கடி வரும். ஒன்று, ‘டாக்டர்’ என்ற பட்டம். செவிலியர் துறையில் டி.என்.பி. என்ற முனைவர் பட்டம் உண்டு. அதைப் பெற்ற நர்ஸ் மிட்வைஃபைச் சிலர் டாக்டர் என்று அழைப்பார்கள். அவர் மகப்பேறு மருத்துவர் இல்லை. இன்னொன்று, கிளினிக்கில் மாதாமாதம் உங்களைப் பார்க்கும் நர்ஸ் பிராக்டிஷனர். பேறுகாலப் பரிசோதனை நன்றாகவே செய்வார், ஆனால் பிரசவம் பார்க்கமாட்டார். ஒன்பது மாதமும் அவரை மிட்வைஃப் என்று நம்பியிருந்து, வலி எடுத்து மருத்துவமனைக்குப் போனபோது முன்பின் தெரியாத முகத்தைப் பார்த்துக் கலங்கிப்போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெண்ணின் பிரசவத்துக்காக ஊரிலிருந்து வரும் அம்மாக்கள் என்னைப் பார்த்ததும், “ஏம்மா, டாக்டரம்மா இல்லையா?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். மிட்வைஃப் என்றதும் மருத்துவச்சியின் நினைவு வந்துவிடும், அது அவர்கள் தப்பில்லை. அவர்களுக்கு நான் மேரி பிரெக்கின்ரிட்ஜ் பற்றிச் சொல்வேன். 1925இல் கென்டக்கி மலைப்பகுதியில் அவர் தொடங்கிய சேவையில், நர்ஸ் மிட்வைஃப்கள் குதிரையில் ஏறி வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்தார்கள். இந்த நாட்டில் எங்கள் தொழில் வேர்விட்டது அங்கேதான். இன்று நாங்கள் பார்க்கும் பிரசவங்களில் மிகப் பெரும்பாலானவை மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அதைக் கேட்ட பிறகுதான் அம்மாக்களின் முகம் தெளியும்.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றை விட்டுவிடக் கூடாது. முதலாவது, ஏ.எம்.சி.பி. இணையதளத்தில் உள்ள சான்று சரிபார்ப்புப் பக்கம். பெயரைப் போட்டுத் தேடலாம், கட்டணம் கிடையாது. இந்தச் சான்று ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது, அதனால் எந்தத் தேதிவரை செல்லும் என்று பாருங்கள். இது தேசியச் சான்று. இதை வைத்துக்கொண்டு மட்டும் யாரும் பிரசவம் பார்க்க முடியாது.

இரண்டாவது, மாநில லைசென்ஸ். பெரும்பாலான மாநிலங்களில் நர்சிங் போர்டு இதைக் கவனிக்கிறது. எல்லா இடத்திலும் இல்லை. நியூயார்க்கில் மாநிலக் கல்வித் துறையின் கீழ் வருகிறது. நியூ ஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் மருத்துவர்களுக்கான போர்டின் கீழ். நியூ மெக்சிகோவில் சுகாதாரத் துறை. அதனால் நர்சிங் போர்டில் பெயர் வரவில்லை என்றவுடன் போலி என்று முடிவுகட்ட வேண்டாம், உங்கள் மாநிலத்தில் யார் லைசென்ஸ் தருகிறார்கள் என்று முதலில் பாருங்கள். நர்சிங் போர்டுகளின் தேசியக் கூட்டமைப்பு நடத்தும் நர்ஸிஸ் தளத்திலும் இலவசமாகத் தேடலாம். பல மாநிலங்களின் விவரம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

இங்கே பலர் சறுக்குகிற ஓர் இடம் உண்டு. ஒரு மாநிலத்தில் வாங்கிய செவிலியர் லைசென்ஸ் பல மாநிலங்களில் செல்லும் என்ற ஒப்பந்தம் இருக்கிறது. அது சாதாரணச் செவிலியர் லைசென்ஸுக்குத்தான். மிட்வைஃப் லைசென்ஸ் உங்களுக்குப் பிரசவம் பார்க்கப்போகும் மாநிலத்திலேயே இருக்க வேண்டும். திரையில் ‘ஆர்.என். — ஆக்டிவ்’ (பதிவு பெற்ற செவிலியர், லைசென்ஸ் செல்லும்) என்று பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். மிட்வைஃப் என்ற வரி தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். அதே மாதிரி என்.பி.ஐ. என்ற பத்து இலக்க எண்ணைக் காட்டி, “அரசாங்கமே பதிவு செய்திருக்கிறது” என்பார்கள். அது இன்சூரன்ஸ் பில்லுக்கான அடையாள எண். தகுதிக்குச் சான்று ஆகாது.

பெயர் கிடைக்காமல் போவதற்கு இன்னொரு சாதாரணக் காரணமும் உண்டு. என் லைசென்ஸில் அப்பா பெயர்தான் கடைசிப் பெயர். கிளினிக் பலகையில் இருப்பது கணவர் பெயர். பலகையைப் பார்த்துத் தேடினால் நான் எங்குமே வரமாட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றிக்கொண்டவர்கள் இங்கே நிறையப் பேர். “உங்கள் லைசென்ஸ் எந்தப் பெயரில் இருக்கிறது, எண் என்ன?” என்று கேட்டால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். போன வாரம் ஒரு கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். நானே எண்ணைச் சொல்லி, அவர் ஃபோனில் தேடவைத்து, வந்த பக்கத்தில் எந்த வரி முக்கியம் என்று விரல் வைத்துக் காட்டினேன். கேட்டால் மரியாதைக் குறைவாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். முறையாகப் படித்து வந்தவர் யாரும் இதற்குக் கோபப்படமாட்டார். கோபப்பட்டால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸ் பக்கத்தில் ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பல மாநிலங்களில் அந்த ஆணையையே திறந்து படிக்கலாம். படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பத்து வருஷத்துக்கு முன் புதுப்பிக்கத் தாமதமானதற்கு அபராதம் கட்டியதும், ரத்தப்போக்கு நிற்காத தாயை மருத்துவமனைக்கு அனுப்பத் தாமதித்ததும் ஒன்றில்லை. முதலாவதை நான் பொருட்படுத்தமாட்டேன். இரண்டாவது இருந்தால் என் தங்கையை அங்கே அனுப்பமாட்டேன். ஒன்றும் இல்லை என்றால் புகாரே வந்ததில்லை என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. விசாரணையில் இருக்கும் புகார்களைப் பெரும்பாலும் வெளியிடமாட்டார்கள்.

மருத்துவமனைப் பிரசவம் என்றால் இன்னொரு ஃபோன் போடுங்கள். மருத்துவமனையின் மெடிக்கல் ஸ்டாஃப் ஆபீஸைக் கேட்டு, இந்த மிட்வைஃபுக்கு அங்கே பிரசவம் பார்க்க அனுமதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். அனுமதி கொடுக்கும் முன் அவர்களும் படிப்பு, லைசென்ஸ், பழைய வழக்குகள் எல்லாம் பார்த்திருப்பார்கள். மருத்துவமனைக்கு வெளியே உள்ள பிரசவ மையம் என்றால், அந்த மையத்துக்குச் சி.ஏ.பி.சி. என்ற பிரசவ மைய அங்கீகார அமைப்பின் அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். சிக்கல் வந்தால் எந்த மருத்துவமனைக்கு, எத்தனை நிமிஷத்தில், யார் கூட வருவார்கள் என்பதையும் கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் சட்டென்று வர வேண்டும். யோசித்துச் சொல்கிற விஷயம் இல்லை இது.

அப்புறம், நீங்கள் சரிபார்த்த ஆளே பிரசவத்தன்று இருப்பார் என்று உறுதியில்லை. எங்கள் குழுவில் முறை வைத்துத்தான் வேலை செய்கிறோம். உங்களுக்கு வலி எடுக்கும் இரவில் யாருடைய முறையோ அவர்தான் வருவார். குழுவில் இருக்கும் எல்லோருடைய பெயரையும் வாங்கி எல்லாவற்றையும் தேடுங்கள்.

ஆளைத் தேட எங்கே தொடங்குவது என்று கேட்பார்கள். 1955இல் தொடங்கிய ஏ.சி.என்.எம்., எங்கள் தொழிற்சங்கம் மாதிரி, ஊர் வாரியாகத் தேடும் வசதி வைத்திருக்கிறது. மருத்துவமனையின் மகப்பேறுப் பிரிவிலேயே கேட்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனியின் பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம், வேலையை விட்டுப் போனவர்கள் பெயர்கூட அதில் இருக்கும். கிளினிக்கை அழைத்து உங்கள் பிளான் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பிரசவம் நடக்கும் இடமும் அதே பிளானில் வருகிறதா என்று தனியாகக் கேளுங்கள், இரண்டும் வேறு வேறு பில். வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிக்கெய்ட் இருந்தால் நர்ஸ் மிட்வைஃபின் கவனிப்புக்கு அது பணம் கட்டியே ஆக வேண்டும், கூட்டாட்சிச் சட்டம் அப்படி. இதையெல்லாம் எட்டு, பத்து வாரத்திலேயே முடித்துவிடுங்கள். முப்பது வாரத்துக்கு மேல் புதிதாக எடுத்துக்கொள்ளப் பல கிளினிக்குகள் தயங்கும்.

லைசென்ஸ் இல்லாமல் ஒருவர் பிரசவம் பார்ப்பது தெரிந்தால் மாநில போர்டுக்குப் புகார் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. நடந்ததைத் தேதிவாரியாக எழுதி, கையில் இருக்கும் காகிதத்தின் நகலைச் சேர்த்தால் போதும். நோட்டோடு வந்த அந்தப் பெண் இன்னும் புகார் எழுதவில்லை. “அவங்க நல்ல மாதிரிதான் பேசினாங்க அக்கா, எனக்கு மனசு வரலை” என்கிறார். அவரை நான் அவசரப்படுத்தவில்லை. அந்த நோட்டின் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்து அவரிடமே கொடுத்திருக்கிறேன். எழுத உட்காரும் அன்று என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.