‘வேர்ஹவுஸ் கிளப்’புக்குத் தமிழில் என்ன?

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை ஒரு சனிக்கிழமை நியூ ஜெர்சியில் காஸ்ட்கோ என்ற பெரிய கடைக்கு அழைத்துப் போனேன். வாசலில் இருந்த கருவியில் அட்டையை வைத்தேன். அருகில் நின்ற பணியாளரின் திரையில் என் படம் வந்தது, அவர் தலையசைத்தார், வண்டியைத் தள்ளிக்கொண்டு நுழைந்தோம். அம்மா அட்டையைக் கையில் வாங்கி, பின்பக்கம் அச்சிட்டிருந்த கறுப்பு வெள்ளைப் படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “இது சொசைட்டிக் கடையா அம்மா?” என்று கேட்டார்.

“இல்லை, வேர்ஹவுஸ் கிளப்.”

“அப்படியென்றால்?”

பதில் சொல்லத் தமிழில் ஒரு சொல் கிடைக்கவில்லை. ‘அட்டை இருந்தால்தான் உள்ளே விடுவார்கள், எல்லாம் பெரிய பெரிய பொட்டலமாக இருக்கும், விலை குறைவு’ என்று மூன்று வாக்கியம் சொன்னேன். அன்று இரவு முதல் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆண்டுதோறும் பணம் கட்டி அட்டை பெற்றவர்கள் மட்டுமே வாங்கக்கூடிய, கிடங்கைப் போலவே அமைந்த பெரிய கடைதான் வேர்ஹவுஸ் கிளப். சரக்கு லாரியில் வந்த மரத்தட்டோடு அப்படியே கூடத்தில் இறங்குகிறது. அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தை அறுத்துவிட்டால் அதுவே அலமாரி. சாதாரணப் பேரங்காடியில் பல்லாயிரம் வகைப் பொருட்கள் இருக்கும். காஸ்ட்கோவில் 4,000 வகைக்கும் குறைவு. வெண்ணெய் வேண்டுமானால் ஒரு பவுண்டுப் பொதி நான்கு சேர்ந்த கட்டாகத்தான் கிடைக்கும். அமெரிக்காவில் இருக்கும் தமிழ் வீடுகளில் அது வீணாவதில்லை. உப்பில்லாத அந்த வெண்ணெயை ஞாயிற்றுக்கிழமை காலையில் அடிகனமான பாத்திரத்தில் உருக்கி, முருங்கைக்கீரை கிடைத்தால் ஒரு கொத்துப் போட்டு, ஒரு மாதத்துக்கான நெய்யை இறக்கிவிடுகிறார்கள்.

கொள்முதல் விலையின் மேல் 14 அல்லது 15 விழுக்காட்டுக்கு மேல் வைத்து விற்பதில்லை என்பது காஸ்ட்கோ தனக்கு வகுத்துக்கொண்ட எல்லை. அப்படியானால் லாபம் எங்கிருந்து வருகிறது? அட்டைக்குக் கட்டும் பணத்திலிருந்து. அந்த நிறுவனத்தின் செயல்பாட்டு லாபத்தில் ஏறத்தாழப் பாதிக்கு ஈடான தொகை அட்டைக் கட்டணமாகவே வந்து சேர்கிறது. 2024 செப்டம்பரிலிருந்து அமெரிக்காவில் சாதாரண அட்டைக்கு ஆண்டுக்கு 65 டாலர், வாங்குவதில் 2 விழுக்காடு திரும்பக் கிடைக்கும் மேல்நிலை அட்டைக்கு 130 டாலர். தமிழ்ச் சொல் எதுவானாலும் இந்தப் பணத்தை அது மறைத்துவிடக் கூடாது என்பது என் கருத்து.

இனி ‘வேர்ஹவுஸ்’. வேர் என்றால் ஆங்கிலத்தில் விற்பனைப் பண்டம். பண்டம் இருக்கும் வீடு வேர்ஹவுஸ். தமிழில் நாம் தயங்காமல் ‘கிடங்கு’ என்கிறோம். அரசின் நிறுவனத்துக்கே தமிழ்நாடு சேமிப்புக் கிடங்கு நிறுவனம் என்றுதான் பெயர். இலங்கையில் ‘களஞ்சியசாலை’ என்பார்கள்.

கிடங்கு மிகப் பழைய சொல். ‘கிட’ என்ற வினையடியோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. பழந்தமிழில் அதற்கு அகழி, பள்ளம் என்று பொருள். திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில் என்ற ஊரின் பெயர் சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது. பிற்காலத்தில் பண்டங்கள் கிடக்கும் இடத்துக்கு அச்சொல் ஆகி வந்தது. தெலுங்கில் இதே சொல் ‘கிட்டங்கி’. வணிகர்களோடு கடல் கடந்து மலாய் மொழியில் ‘குடாங்’ ஆயிற்று. அங்கிருந்து போர்த்துக்கீசியர் வாயில் ‘குடாவோ’. அதைக் கேட்ட ஆங்கிலேயர் ‘கோடவுன்’ என்று எழுதினார்கள். சொல்லாய்வாளர் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் வழி இது. அந்தக் கோடவுன்தான் திரும்பவும் நம் ஊர் மண்டித் தெருவுக்கு வந்து ‘குடோன்’ என்று பெயர்ப்பலகையில் நிற்கிறது. ‘அரிசி குடோன்’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் வெளிநாடு போய் ஆளே மாறித் திரும்பி வந்த பிள்ளையைப் பார்ப்பது போல இருக்கும் எனக்கு. குடோன் என்று சொல்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அதுவும் நம் பிள்ளைதான். எழுதும்போது கிடங்கு என்றே எழுதலாம்.

‘கிளப்’தான் சிக்கல். வட ஐரோப்பியர் வாயில் அது தடி, கதாயுதம். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பலர் ஒன்றாகக் கூடிச் செலவைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதற்கு அந்தச் சொல் வழங்கியது. பிறகு அப்படிக் கூடும் கூட்டத்துக்கே பெயராயிற்று. தமிழ்நாட்டில் அது வேறு வழியில் போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் ஊர்களில் ‘காபி கிளப்’ என்றால் இட்லியும் காபியும் கிடைக்கும் கடை. அங்கே சேருவதற்குக் கட்டணமும் இல்லை, அட்டையும் இல்லை; காசு கொடுத்தவர் சாப்பிட்டார். இன்று ‘கிளப்’ என்றால் சீட்டாட்டமும் மதுவும் உள்ள இடம் என்று பொருள்படுகிறது. அதற்கு அரசு வைத்த தமிழ்ப்பெயர் ‘மனமகிழ் மன்றம்’. ஆகவே வேர்ஹவுஸ் கிளப்பைக் ‘கிடங்கு மன்றம்’ என்று பெயர்த்தால் படிப்பவர் குழம்பிப் போவார். ‘கழகம்’ என்று வைத்தாலோ கட்சி நினைவுதான் வரும். அந்தச் சொல்லும் சுற்றித் திரிந்ததுதான்; வள்ளுவர் சூதாடும் இடத்தைக் கழகம் என்கிறார், பிற்காலத்தார் கற்றோர் அவையைக் கழகம் என்றார்கள்.

அம்மாவின் கேள்வியில் ஒரு நல்ல விடை ஒளிந்திருந்தது. நம்மிடம் ‘பண்டகசாலை’ இருக்கிறது. பண்டம், சாலை இரண்டும் சேர்ந்த இச்சொல் வேர்ஹவுஸுக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். ‘நுகர்வோர் கூட்டுறவு மொத்த விற்பனை பண்டகசாலை’ என்று தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் பலகை தொங்குகிறது. கிடங்கு, மொத்த விற்பனை, கூட்டுறவு என்பதால் உறுப்பினர், மூன்றும் ஒரே பலகையில். யாழ்ப்பாணத்து அம்மாவாக இருந்தால் “இது சங்கக்கடையா?” என்று கேட்டிருப்பார். ‘உறுப்பினர் பண்டகசாலை’ என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்ததே என்று இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்தேன்.

மூன்றாம் நாள் ‘உறுப்பினர்’ என்ற சொல் உறுத்தியது. உறுப்பினர் என்றால் உறுப்பாக இருப்பவர். முன்பு பத்திரிகைகள் எழுதிய ‘அங்கத்தினர்’ என்பதிலும் அங்கம் என்றால் உடலுறுப்பு. ஆங்கில ‘மெம்பர்’ பிறந்த லத்தீன் சொல்லுக்கும் கை, கால் என்றே பொருள். மூன்று மொழியும் ஒரே உவமையைப் பிடித்திருக்கின்றன: அமைப்பு உடல், நாம் அதன் உறுப்பு. திருவல்லிக்கேணியில் 1904இல் தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்தவர் அப்படிப்பட்ட உறுப்பினர்தான். பங்கு வாங்கினார், பொதுக்குழுவில் உட்கார்ந்தார், ஓட்டுப் போட்டார். இங்கிலாந்தின் ராச்டேலில் 1844இல் நெசவாளர்கள் தொடங்கிய கடையின் வழிவந்த முறை அது. எங்கள் அப்பாவின் இரும்புப் பெட்டியில் ஊர்ச் சொசைட்டியின் பங்குப் பத்திரம் இன்னும் இருக்கிறது. நான்காக மடித்து மடித்து மடிப்பில் எழுத்து அழிந்துவிட்டது. கடையில் துவரம்பருப்பு சரியில்லை என்றால் அவர் செயலாளரிடம் நேரே போய்ப் பேசுவார். கடை அவருடையது என்ற நினைப்பு அவர் குரலிலேயே இருக்கும்.

வேர்ஹவுஸ் கிளப்பின் கொள்ளுத்தாத்தாவும் அப்படித்தான் இருந்தது. 1948இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தபால் துறை ஊழியர்கள் சேர்ந்து ‘ஃபெட்கோ’ என்ற கடையைத் தொடங்கினார்கள். லாப நோக்கமற்றது, உறுப்பினர்களுக்கே உரியது. அதைப் பார்த்துத்தான் சான் டியாகோ வழக்கறிஞர் சோல் பிரைஸ் 1954இல் மத்திய அரசு ஊழியர்களுக்கான ‘ஃபெட்மார்ட்’டை ஆரம்பித்தார். உறுப்பினர் என்ற சொல் அங்கேயும் தொடர்ந்தது, உரிமை தொடரவில்லை. ஃபெட்மார்ட்டை விற்றுவிட்டு வெளியேறிய பிரைஸ், 1976இல் சான் டியாகோவில் விமானக் கொட்டகையாக இருந்த ஒரு கட்டடத்தில் ‘பிரைஸ் கிளப்’பைத் திறந்தார். சிறு வியாபாரிகளுக்கு மட்டும் விற்க நினைத்த கடை; விற்பனை போதாமல் குறிப்பிட்ட சில ஊழியர் பிரிவுகளையும் சேர்த்துக்கொண்டார்கள். ஃபெட்மார்ட்டில் மெத்தை இறக்கும் வேலையில் சேர்ந்து பிரைஸிடம் தொழில் கற்ற ஜிம் சினகல், ஜெஃப்ரி பிராட்மன் என்பவரோடு சேர்ந்து 1983இல் சியாட்டிலில் காஸ்ட்கோவைத் தொடங்கினார். வால்மார்ட்டின் சாம்ஸ் கிளப்பும் அதே ஆண்டில் பிறந்ததுதான். 1993இல் பிரைஸ் கிளப்பும் காஸ்ட்கோவும் ஒன்றாயின.

எங்கள் வீட்டுக் காஸ்ட்கோ அட்டைக்கு ஓட்டில்லை, பங்கில்லை. பங்கு வேண்டுமானால் பங்குச் சந்தையில் தனியாக வாங்க வேண்டும். அதற்கும் அட்டைக்கும் தொடர்பில்லை. ஓராண்டு நுழைந்து வாங்கும் உரிமைக்கு நான் பணம் கட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். இதற்கு நம்மிடம் துல்லியமான சொல் இருக்கிறது: சந்தா. பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்தது. வாரப் பத்திரிகைக்குச் சந்தா கட்டினால் பத்திரிகை நமக்குச் சொந்தமாகிவிடாது, வீடு தேடி வரும். ஆண்டு முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். காஸ்ட்கோ அட்டை அதே உறவுதான். உரிமையாளரையும் சந்தாதாரரையும் ‘மெம்பர்’ என்ற ஒரே சொல்லில் ஆங்கிலம் அடக்கிவிடுகிறது. தமிழில் இரண்டும் தனித்தனியாக இருக்கும்போது நாம் ஏன் அந்த வேறுபாட்டை இழக்க வேண்டும்? பண்டகசாலையையும் இதே காரணத்துக்காகக் கூட்டுறவுக்கே விட்டுவிட விரும்புகிறேன். அந்தப் பலகைகளின் கீழ் உண்மையான உறுப்பினர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

என் பரிந்துரை ‘சந்தாக் கிடங்கங்காடி’. கிடங்கு, அங்காடி இரண்டும் புணர்ந்து கிடங்கங்காடி. கட்டுரையில் முதல்முறை முழுச் சொல்லையும், அடுத்தடுத்துக் கிடங்கங்காடி என்றும் எழுதலாம். பேச்சுக்குக் ‘கிடங்குக் கடை’ போதும். ‘சந்தாக் கடை’ என்று சுருக்கிப் பார்த்தேன். காதில் சந்தைக்கடை என்று விழுகிறது, விட்டுவிட்டேன். சந்தா வடக்கிலிருந்து வந்த சொல் ஆயிற்றே என்று கேட்பவர்களுக்கு: நுழைவுக் கட்டணம் என்றால் ஒவ்வொரு முறையும் கட்டுவதாகப் பொருள் போய்விடும். ஆண்டுக் கட்டணம் என்பது பரவாயில்லை. ஆனால் சந்தா என்று சொன்னவுடன் புரிந்துகொள்ளாத தமிழர் யாரும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

‘ஃபுட் கோர்ட்’ ஒன்று மிச்சம் இருக்கிறது. கருவி மொழிபெயர்ப்பில் ‘உணவு நீதிமன்றம்’ என்று பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருந்தது. கோர்ட் என்பதற்கு மூலப்பொருள் சுற்றடைப்புள்ள முற்றம். அரசன் முற்றத்தில் அவை கூடியதால் அவைக்கும், பிறகு நீதி வழங்கும் இடத்துக்கும் அது பெயராயிற்று. தமிழ் ‘மன்றம்’ நடந்த வழியும் ஏறக்குறைய இதுதான்: ஊர்ப் பொதுவெளி, பிறகு கூட்டம், பிறகு நீதிமன்றம். இரண்டு சொற்களும் தனித்தனியே ஒரே பாதையில் நடந்திருக்கின்றன. ஆனாலும் மன்றம் தன் பழைய திறந்தவெளியை இழந்துவிட்டது. முற்றம் இழக்கவில்லை. பல கடைகள் சூழ நடுவில் மேசைகள் போட்ட இடத்துக்கு ‘உணவு முற்றம்’ அழகாகப் பொருந்தும்.

காஸ்ட்கோவின் உணவு முற்றத்தில் சூழக் கடைகள் கிடையாது. ஒரே ஒரு சாளரம்தான். ஹாட் டாக்கும் 20 அவுன்ஸ் குளிர்பானமும் சேர்ந்து ஒன்றரை டாலர். 1980களின் நடுவிலிருந்து அந்த விலை ஏறவே இல்லை. சில கிளைகளில் முற்றம் கட்டடத்துக்கு வெளியே இருக்கும்; உள்ளே இருக்கும் கிளைகளிலும் வெளியேறும் கதவு வழியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் நெடுங்காலம் இருந்தார்கள். 2024 ஏப்ரல் 8 முதல் உணவு முற்றத்திலும் செல்லுபடியாகும் அட்டை வேண்டும் என்று புளோரிடாவின் ஆர்லாண்டோ கிளையில் அறிவிப்பு வைத்தார்கள். அட்டைக்காரர் ஒருவர் இரண்டு விருந்தினரை அழைத்து வரலாம். பணம் கொடுப்பவர் அட்டைக்காரராக இருக்க வேண்டும்.

இந்த விதி என் சொல்லுக்குச் சோதனைக் கல். ‘உறுப்பினர்களுக்கு மட்டும்’ என்று தமிழில் எழுதி மாட்டினால், மற்றவர்களை ஒதுக்கிவைத்த சங்கம் போல ஒலிக்கிறது. ‘நடப்புச் சந்தா அட்டை உள்ளவர்களுக்கு மட்டுமே உணவு விற்கப்படும்’ என்று எழுதினால் நடப்பது என்னவோ அது அப்படியே இருக்கிறது.

அன்று அம்மா மேசையில் உட்கார்ந்து, 1.99 டாலருக்கு வாங்கிய பாலாடைக்கட்டி பீட்சாத் துண்டைக் காகிதத் தட்டில் நான்காகப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தார். வெளியேறும் கதவில் ஒரு பணியாளர் எங்கள் ரசீதை வண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்து, பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அம்மா அந்த ரசீதை மடித்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டார். அப்பாவிடம் காட்ட வேண்டுமாம்.