மரம் விழும் தூரம்

"விஞ்ஞானிகளே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ‘அறிவியல்படி நிலத்தைக் காக்க வேண்டும்’ என்று சட்டம் எழுதினால், அது எந்த அறிவியல்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இதற்கு விதிப் புத்தகத்திலேயே பதில் எழுதி வைத்திருக்கும் ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள வாஷிங்டன் மாநிலம்.

அங்கே 1990-ல் வளர்ச்சி மேலாண்மைச் சட்டம் வந்தது. ஊர்கள் பெருகும்போது ஐந்து வகை நிலங்களைக் காத்தாக வேண்டும் என்றது: ஈரநிலங்கள், நிலத்தடி நீர் ஊறும் இடங்கள், அடிக்கடி வெள்ளம் புகும் பகுதிகள், மண் சரியக்கூடிய இடங்கள், மீனும் விலங்கும் வாழும் இடங்கள். 1995-ல் ஒரு திருத்தம் சேர்ந்தது. இந்த நிலங்களுக்கு விதி எழுதும் நகரமும் மாவட்டமும் ‘கிடைப்பதில் சிறந்த அறிவியலை’க் கணக்கில் எடுக்க வேண்டும், கடலிலிருந்து ஆறேறி வந்து முட்டையிடும் சால்மன் போன்ற மீன்களுக்குத் தனிக் கவனம் தர வேண்டும்.

எது சிறந்தது என்று கண்டுபிடிக்க, நிர்வாக விதிகள் சில கேள்விகளைக் கேட்கின்றன. மற்ற ஆய்வாளர்கள் சரிபார்த்தார்களா? இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்கும் அளவுக்கு ஆய்வுமுறை தெளிவாக இருக்கிறதா? தரவிலிருந்துதான் முடிவு வருகிறதா? கணக்கு ஒழுங்காகப் போடப்பட்டதா? முடிவு எந்தச் சூழலுக்குப் பொருந்தும் என்று சொல்லியிருக்கிறதா? முந்தைய ஆய்வுகளைக் காட்டியிருக்கிறதா? சொன்னவர் எவ்வளவு பெரிய ஆள் என்ற கேள்வி இந்த வரிசையில் இல்லை.

"எங்க தாத்தா காலத்திலிருந்து இங்கே வெள்ளமே வந்ததில்லை" என்ற பேச்சுக்கும் விதியில் இடம் உண்டு. ஆனால் துணையாக மட்டும். அறிவியலுக்குப் பதிலாக அதை வைக்க முடியாது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. தாத்தா பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது 70 வருஷம். எந்த ஒரு வருஷத்திலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள பெருவெள்ளம், அந்த 70 வருஷத்தில் ஒருமுறைகூட வராமல் போக ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது.

சரி, என் மனசுக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஓடையோரம் எத்தனை அடிக்குக் காட்டை விட்டுவைப்பது? வீடு கட்டுகிறவர் 50 என்பார், மீன் பிடிக்கிறவர் 300 என்பார். 2020-ல் அம்மாநில மீன், வனவிலங்குத் துறை வெளியிட்ட வழிகாட்டி அழகான அளவுகோல் ஒன்றைத் தந்தது. அந்த மண்ணில் 200 வயது மரம் எவ்வளவு உயரம் வளருமோ, அவ்வளவு தூரம். மாநிலத்தைக் குறுக்கே பிரிக்கும் காஸ்கேட் மலைத்தொடருக்குக் கடற்பக்கமுள்ள மழைக்காடுகளில் டக்ளஸ் ஃபிர் மரம் அந்த வயதில் 200 அடியைத் தாண்டும். நம் தென்னை மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திய உயரம்.

ஏன் மரத்தின் உயரம்? மரம் விழுமே, அதனால்தான்! ஓடையில் விழுந்த பெரிய கட்டையைச் சுற்றித் தண்ணீர் சுழித்து அடியில் குழி பறிக்கும். அந்தக் குழியில்தான் சால்மன் குஞ்சுகள் வேகமான நீரிலிருந்து ஒதுங்கி இளைப்பாறும். கட்டைக்கு நீர் வரும் பக்கத்தில் தேங்கும் கூழாங்கல்லில் தாய்மீன் வாலால் பள்ளம் தோண்டி முட்டையிடும்.

இனி பள்ளிக்கூட முக்கோணவியல் போதும். மரம் எந்தத் திசையிலும் விழலாம் என்று வைத்துக்கொள்வோம். நீரோரமாகவே நிற்கும் மரம் ஓடைப் பக்கம் விழப் பாதி வாய்ப்பு. தன் உயரத்தில் பாதித் தூரம் தள்ளி நின்றால்? 60 பாகையின் கொசைன் அரை. ஆகவே ஓடையை நோக்கிய நேர்கோட்டுக்கு இடப்பக்கம் 60, வலப்பக்கம் 60, மொத்தம் 120 பாகைக்குள் சாய்ந்தால்தான் மரம் நீரை எட்டும். 360-ல் 120, மூன்றில் ஒரு பங்கு. முழு உயரத் தூரத்தில் நின்றால், குறி தவறாமல் ஓடையைப் பார்த்து விழுந்தால் மட்டும் நுனி தொடும். அதற்கப்பால் பூஜ்யம்.

மரங்கள் சீராக நிற்பதாகக் கொண்டு எல்லாவற்றையும் கூட்டினால், ஓடைக்கு வரும் மரங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அருகிலுள்ள பாதி அகலத்திலிருந்து வருகிறது. "பாதி அகலம் போதுமே" என்று பேரம் பேசினால் மீதி மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எவ்வளவு போகிறது என்று எண்ணாகவே சொல்ல முடிகிறது பாருங்கள், அதுதான் எனக்கு ஆனந்தம். நிழலும், உதிரும் இலைகளும், மண்ணைப் பிடிக்கும் வேர்களும் தரும் பயனும் பெரும்பாலும் இந்த அகலத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

ஆனால் ஒரு சங்கடமான வரலாறும் இருக்கிறது. மீன் ஏறுவதற்குத் தடை என்று சொல்லி, 1950-கள் முதல் 1970-கள் வரை அரசுத் துறைகளே இந்த ஓடைகளில் கிடந்த கட்டைகளை அப்புறப்படுத்தின. அன்றைய நிபுணர்களின் கருத்து அது. இன்று லட்சக்கணக்கில் செலவழித்து, சில இடங்களில் ஹெலிகாப்டரில் தூக்கி வந்து, திரும்பவும் கட்டைகளைப் போடுகிறார்கள். "பார்த்தீர்களா, அறிவியலை நம்ப முடியாது" என்று இதைக் காட்டிச் சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கட்டை நீங்கிய ஓடைகளில் போய்க் குழிகளை எண்ணி, தவறு என்று காட்டியதும் அதே அறிவியல்தான்.

தெரியாதபோது என்ன செய்வது என்பதையும் விதி சொல்கிறது. முதலில் எச்சரிக்கையாக இரு. பிறகு அளந்து பார்த்துத் திருத்து. அறிவியல் அறிக்கையைக் கோப்பில் சும்மா செருகி வைத்தால் ஆகாது, உண்மையில் பரிசீலித்திருக்க வேண்டும் என்று 1999-ல் சியாட்டில் நகரம் சம்பந்தப்பட்ட வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஸ்காஜிட் பள்ளத்தாக்கின் விவசாய நிலங்கள் பற்றி ஸ்வினோமிஷ் பழங்குடியினர் தொடுத்த வழக்கில், 2007-ல் மாநில உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசியது. விதியால் தீங்கு வராது என்று உறுதியாகத் தெரிய வேண்டும். இல்லையென்றால், தீங்கு வந்தால் கண்டுபிடித்துச் சரிசெய்யும் ஏற்பாடாவது இருக்க வேண்டும்.

அந்த ஏற்பாடு பெரிய வித்தை இல்லை. கோடையில் நீரின் வெப்பம் எவ்வளவு, ஒரு மைலில் எத்தனை கட்டை, எத்தனை குழி என்று எண்ண வேண்டும். எண்ணுவதற்கு ஓர் ஆள் வருஷாவருஷம் அதே ஓடைக்குப் போக வேண்டும். புதுக் கட்டடத்துக்கும் புதுக் கருவிக்கும் பணம் கிடைத்துவிடுகிறது. பட்ஜெட் சுருங்கும்போதோ பெரும்பாலும் இந்த ஆளின் சம்பளத்தில்தான் கை வைக்கிறார்கள். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.