‘பேப்பர்ஸ்’ என்பதற்குத் தமிழ் என்ன?

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள ஸ்வார்த்மோர் கல்லூரி நூலகத்தில் லுக்ரீஷியா மாட் என்பவரின் ‘மாட் மேனுஸ்கிரிப்ட்ஸ்’ என்று ஒரு தொகுப்பு உண்டு. அருகிலுள்ள ஹேவர்ஃபர்ட் கல்லூரியில், அங்கே பேராசிரியராக இருந்த ரூஃபஸ் ஜோன்ஸின் ‘ரூஃபஸ் ஜோன்ஸ் பேப்பர்ஸ்’ இருக்கிறது. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினருடைய சபைகளின் ‘ரெக்கார்ட்ஸ்’ இரண்டு கல்லூரிகளிலும் இருக்கின்றன. பார்வைக்கு எல்லாமே பெட்டிகளில் அடுக்கி வைத்த பழைய தாள்கள்தான். தமிழில் எழுதும்போது மூன்றையும் ‘ஆவணங்கள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அப்படி முடிப்பதில் முக்கியமான ஒரு வேறுபாடு தொலைந்துபோகிறது.

முதலில் சொல்லின் வேர். நைல் நதிக்கரையில் வளரும் பப்பைரஸ் என்ற கோரையின் பெயர் கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘பேப்பர்’ ஆனது. தமிழில் ‘தாள்’ என்றாலும் தண்டுதான். அறுவடை முடிந்த வயலில் நிற்பது நெல்தாள். ‘காகிதம்’ பாரசீகத்திலிருந்து வந்த சொல். ஆனால் பன்மையில் ‘பேப்பர்ஸ்’ என்று காப்பகத்தார் சொல்லும்போது எழுதப் பயன்படும் தாளைக் குறிப்பதில்லை. ஒரு மனிதரோ குடும்பமோ வாழ்ந்த காலத்தில் தங்களிடம் சேர்ந்த கடிதம், நாட்குறிப்பு, கணக்கு, உரைக்குறிப்பு, வந்த அழைப்பிதழ், அனுப்பாமல் விட்ட கடிதத்தின் வரைவு எல்லாம் சேர்ந்த முழுத் தொகுதியே ‘பேப்பர்ஸ்’. ஓர் அமைப்பு தன் வேலையை நடத்தும்போது உண்டாவது ‘ரெக்கார்ட்ஸ்’. ஒன்று ஆளிடமிருந்து வருகிறது, மற்றது அமைப்பிடமிருந்து.

குவேக்கர்களிடம் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். ‘குவேக்கர்’ என்றால் நடுங்குபவர். 1650இல் இங்கிலாந்தின் டெர்பியில் விசாரணைக்கு நின்ற ஜார்ஜ் ஃபாக்ஸ், ஆண்டவரின் சொல்லைக் கேட்டு நடுங்குங்கள் என்று சொன்னதால் நீதிபதி வைத்த கேலிப் பெயர் அது. அவர்கள் தங்களை ‘நண்பர்கள்’ என்றே அழைத்துக்கொண்டார்கள். இந்தச் சபையில் வாக்கெடுப்பு கிடையாது. கூடியிருப்பவர்கள் மனம் ஒன்றியதும் எழுத்தர் கூட்டக்குறிப்பை அங்கேயே எழுதி வாசித்து ஒப்புதல் வாங்குவார். ஆகவே குறிப்பில் இருப்பது முடிவு மட்டும். யார் எதிர்த்தார், யார் இரவெல்லாம் யோசித்துவிட்டு மறுநாள் வழிவிட்டார் என்பதை அதில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அதற்கு நாட்குறிப்புகளையும் கடிதங்களையும்தான் புரட்ட வேண்டும்.

1827இல் ஃபிலடெல்ஃபியா குவேக்கர்கள் ஆர்த்தடாக்ஸ், ஹிக்ஸைட் என இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரே ஊரில் ஒரே பெயரோடு ஆண்டுக்கூட்டங்கள் (வட்டாரத் தலைமை அமைப்புகள்) இரண்டு நடந்தன. 1833இல் ஆர்த்தடாக்ஸ் தரப்பு ஹேவர்ஃபர்டைத் தொடங்கியது. 1864இல் ஹிக்ஸைட் தரப்பு ஸ்வார்த்மோரைத் தொடங்கியது. பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இரண்டு பெரிய குவேக்கர் காப்பகங்கள் இருப்பதற்கு இதுவே காரணம். 1955இல் சபைகள் மீண்டும் இணைந்துவிட்டன, ஆனால் பெட்டிகள் இரண்டு இடங்களிலும் நிற்கின்றன. அடிமைமுறையை எதிர்த்த லுக்ரீஷியா மாட் ஹிக்ஸைட் தரப்பு. ஸ்வார்த்மோரை நிறுவியவர்களிலும் ஒருவர். 1840இல் லண்டனில் நடந்த அடிமை ஒழிப்பு மாநாட்டில் பெண் என்பதால் பிரதிநிதியாக உட்கார இடம் மறுக்கப்பட்டவர். அந்தப் பயணத்தில் அவர் எழுதிய நாட்குறிப்புக்கு எந்தக் கூட்டக்குறிப்பும் ஈடாகாது.

‘பேப்பர்ஸ்’, ‘ரெக்கார்ட்ஸ்’ இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடமும் உண்டு. குவேக்கர் திருமணத்தில் பாதிரியார் இல்லை. மணமக்கள் தாங்களே வாக்குக் கொடுப்பார்கள். வந்திருந்தவர்கள் சான்றிதழில் சாட்சியாகக் கையெழுத்திடுவார்கள். மூலம் தம்பதி வீட்டுக்குப் போகும். அதன் படியைச் சபை தன் ஏட்டில் எழுதிக்கொள்ளும். மூலம் தனியாருடையது, படி அமைப்புடையது.

மூலமும் படியும் நமக்குப் புதிதில்லை. பெரியபுராணத்தில், நீ என் அடிமை என்று முதியவர் வடிவில் வந்த சிவன் காட்டிய ஓலையை நம்பியாரூரர் (சுந்தரர்) பிடுங்கிக் கிழிக்கிறார்; அது படியோலை. மூல ஓலையை முதியவர் திருவெண்ணெய்நல்லூரில் காட்டுகிறார். அவையோர் அதை அப்படியே நம்பிவிடவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை ‘அரண்தரு காப்பில்’ இருந்து வரவழைத்து, இரண்டின் எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். காப்பகத்தின் வேலையும் ஆவண ஆய்வாளரின் வேலையும் அந்த ஒரே பாட்டில் இருக்கின்றன. ‘காப்பகம்’ என்ற இன்றைய சொல்லுக்கு இதைவிட நல்ல பின்புலம் வேண்டாம்.

சரி, நிகரான தமிழ் எது? ‘தனிப்பட்ட காகிதங்கள்’ வேண்டவே வேண்டாம். அது யாருக்கும் காட்டக்கூடாத ரகசியம் என்று படும். ‘சுவடி’ அழகான சொல், ஆனால் படிப்பவர் மனதில் பனையோலைதான் வரும். ‘மேனுஸ்கிரிப்ட்’ லத்தீனில் கையால் எழுதியது என்ற பொருளிலிருந்து வந்தது, ஆகவே ‘கையெழுத்துப்படி’ பொருந்தும். ஒரே ஒரு சிக்கல்: காப்பகங்களின் மேனுஸ்கிரிப்ட் தொகுப்புகளில் தட்டச்சுக் கடிதங்களும் சேர்ந்தே இருக்கும். என் பரிந்துரை, ‘பேப்பர்ஸ்’ என்பதற்குத் ‘தனியாவணங்கள்’, ‘ரெக்கார்ட்ஸ்’ என்பதற்கு ‘பதிவேடுகள்’, ஒற்றை எழுத்துப் பிரதிக்குக் ‘கையெழுத்துப்படி’. ‘ரூஃபஸ் ஜோன்ஸ் தனியாவணங்கள்’ என்று சொல்லிப் பார்த்தால் இயல்பாகவே இருக்கிறது. பன்மை முக்கியம், அதிலிருந்து ஒரு கடிதத்தை உருவித் தனியே வைத்தால், அது எந்தக் கடிதத்துக்குப் பதில், எதனோடு மடித்து வைக்கப்பட்டிருந்தது என்ற செய்தி போய்விடும். காப்பகத்தார் வந்த வரிசையை முடிந்தவரை கலைக்காமல் வைப்பது அதனால்தான்.

அப்புறம், குவேக்கர் ஆவணங்களை மொழிபெயர்ப்பவர்கள் தேதியில் கவனமாக இருக்க வேண்டும். கிழமை, மாதப் பெயர்களில் பழைய தெய்வங்கள் இருப்பதால் குவேக்கர்கள் அவற்றைத் தவிர்த்து எண்ணால் எழுதினார்கள். ஞாயிறு ‘முதல் நாள்’. அடிமைமுறைக்கு எதிராக 1688இல் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் கையெழுத்திட்ட புகழ்பெற்ற மனு, கண்ணில் படாமல் போய் 2005இல் ஃபிலடெல்ஃபியாவின் ஆர்ச் வீதிக் கூட்ட மண்டபத்தில் மீண்டும் கிடைத்து, இன்று ஹேவர்ஃபர்டில் இருக்கிறது. அதில் உள்ள தேதி ‘2ஆம் மாதம் 18’. அது பிப்ரவரி இல்லை. 1752க்கு முன் ஆங்கிலேயருக்கு ஆண்டு மார்ச்சில் பிறந்தது, அதனால் மார்ச்தான் முதல் மாதம்; மனுவின் தேதி ஏப்ரல் 18.