மழை முடிந்து வந்த மழைமானி

எங்கள் பீடத்தின் ஆராய்ச்சிக் குழுவில் அமர்ந்து மானிய விண்ணப்பங்களை வாசிக்கத் தொடங்கி ஏழு வருடங்கள் ஆகிவிட்டன. அதற்கு முன் விண்ணப்பித்தவனாகவும், செலவழிக்கத் தெரியாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தவனாகவும் இருந்திருக்கிறேன். தகுதிகாண் காலத்தில் இருக்கும் இளம் விரிவுரையாளர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சம்பளத்தோடு வரும் ஆராய்ச்சிப் படியையும் பல்கலைக்கழகத்தின் உள்ளக ஆராய்ச்சி மானியத்தையும் சிலர் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். படி உங்கள் பணம். மானியம் பல்கலைக்கழகத்தின் பணம். அதில் வாங்கிய தராசு உங்கள் மேசையிலேயே இருந்தாலும் துறையின் பொருட்பதிவேட்டில் ஏறியாக வேண்டும்.

என் முதல் மானியம் இலங்கை மலையகத்தின் மேற்கில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைச் சரிவொன்றில் மண்ணரிப்பை அளப்பதற்கு. மேற்குச் சரிவுகளுக்குத் தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை. நான் ஜனவரியில் விண்ணப்பித்தேன். ஏப்ரல் கடைசியில் அனுமதிக் கடிதம் வந்தது. கையில் கடிதம் இருந்தால் மறுநாளே வாங்கிவிடலாம் என்று நம்பியது என் மடமை. மூன்று விலைமனு, வழங்கல் பிரிவு, நிதியாளர் அலுவலகம், திருத்தச் சொல்லித் திரும்பிவந்த ஒரு கோப்பு. மழைமானியின் பெட்டியைப் பிரித்தபோது ஒக்டோபர் மூன்றாவது வாரம். பிறகு பெய்த இடைப்பருவ மழையை அளந்தேன்தான். ஆனால் பிற்பகலில் இடியோடு கொட்டிவிட்டு ஓயும் மழை வேறு, நாட்கணக்கில் நின்று பெய்யும் மழை வேறு. என் கேள்வி இரண்டாவதைப் பற்றியது. டிசெம்பர் 31இல் நிதியாண்டு முடிந்தது, மீதிப் பணமும் போயிற்று.

அதனால் விண்ணப்பத்தில் நான் முதலில் பார்ப்பது கால அட்டவணையை. கிழக்குச் சரிவில், பதுளைப் பக்கம் வேலை செய்பவர்களுக்குச் சிக்கல் இன்னும் பெரிது. வடகீழ்ப் பருவமழை டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை. நிதியாண்டின் முடிவு அதன் நடுவிலேயே விழுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கும் பணத்தைப் பிரித்துக் கேளுங்கள், அதுவும் விண்ணப்பத்திலேயே. நவம்பரில் பீடாதிபதியின் கதவைத் தட்டினால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

உள்ளக மானியம் என்பது சில இலட்சம் ரூபாய். பெரிய ஆராய்ச்சிக்கு அது போதாது. தேசிய விஞ்ஞான மன்றம் போன்ற இடங்களுக்குப் பெரிய மானியம் கேட்டுப் போகும்போது காட்டுவதற்கு முதற்கட்டத் தரவுகளைத் தேடிக்கொள்ளத்தான் அது. பாதிப் பணத்தை ஒரு கருவியில் போட்டுவிட்டு, மண் மாதிரி எடுக்கப் போக வாகனச் செலவு இல்லாமல் நிற்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். சோதனையை வெளியே கட்டணம் கொடுத்துச் செய்விக்கலாமே! 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360 வரை ஏறியபோது, பழைய விலைமனுவை நம்பி இரசாயனம் வாங்கக் காத்திருந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

மனிதர்களைச் சந்திக்கும் ஆய்வுகளில் வரவுசெலவுத் தாள் இன்னும் அதிகம் பேசும். கொழுந்து பறிக்கும் பெண்களை வேலை நேரத்தில் நேர்காணச் சொல்லி ஒரு விண்ணப்பம் வந்தது. ஒருவருக்கு ஒரு மணித்தியாலம். தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் பணம் கேட்டிருந்தார்கள். ஒரு மணித்தியாலம் போனால் கொழுந்தின் நிறை குறையும், நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும் என்பதை யோசிக்கவில்லை. நானும் ஒருமுறை கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வினாக்கொத்தோடு நின்றிருக்கிறேன். அந்த அம்மாவின் கண் தராசு முள்ளை விட்டு அகலவில்லை. "எல்லாம் சரிதான் ஐயா, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். அப்படி நிரப்பிய தாளுக்கு என்ன பெறுமதி?

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கே போக வேண்டும். அதற்கு வாகனம் வேண்டும், பெரியதுரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், எழுத்து அனுமதி வேண்டும். சம்மதப் படிவம் தமிழில், வாசித்தால் புரியும் தமிழில், இருக்க வேண்டும். மொழிபெயர்ப்புக் கூலியைத் தாளில் எழுதாமல் விடுபவர்களே அதிகம். கடைசியில் துறையில் இருக்கும் தமிழ் மாணவர் யாராவது ஓசியில் செய்துகொடுக்க நேர்கிறது. இதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதிக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். அது இல்லாமல் ஆய்வைத் தொடங்க முடியாது.

இன்னொன்று, ஓட்டோ. தோட்டத்து வீதியில் ஏறிவரும் ஓட்டோக்காரரிடம் பற்றுச்சீட்டுப் புத்தகம் இருக்காது. முற்பணம் எடுக்கும்போதே எந்த வவுச்சரில் அவரிடம் கையெழுத்து வாங்குவது என்று நிதிப் பிரிவில் கேட்டு, நாலைந்து பிரதிகளைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்துக் கணக்காய்வாளர் கேட்கும்போது அவரைத் தேடி மலை ஏற முடியாது.

அந்த மழைமானி இன்னும் வேலை செய்கிறது. துறைக் களஞ்சியத்தில், பக்கத்தில் வெள்ளை மையால் எழுதிய இலக்கத்தோடு இருக்கிறது. மேற்குச் சரிவில் வேலை செய்பவர்கள் ஏப்ரலுக்கு முன் கேட்டால், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவேன்.