ஷேர் ஆட்டோ: சொல் விளக்கம்

சென்னையில் ஷேர் ஆட்டோ என்றால் வழியில் ஏறி, வழியில் இறங்கி, ஆளுக்கு ஆள் தனியாகக் காசு கொடுக்கும் வண்டி. டாடா மேஜிக் போன்ற நான்கு சக்கர வேனையும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். ஆக, சக்கரத்தை எண்ணி இந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்ல முடியாது. தலைக்கு இவ்வளவு என்ற கட்டணம்தான் அதன் அடையாளம்.

'ஷேர்' ஆங்கிலம். 'ஆட்டோ', தானே என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, ஆட்டோரிக்‌ஷாவின் முன்பாதி. பேச்சில் உதிர்ந்துபோன பின்பாதிக்குத்தான் கதை அதிகம். ஜப்பானிய மொழியில் ஜின்-ரிகி-ஷா: ஆள், வலிமை, வண்டி. கடல் தாண்டி வந்தபோதே 'ஜின்' என்ற ஆள் சொல்லிலிருந்து கழன்றுவிட்டார். தமிழ்நாட்டில் கைரிக்‌ஷாவிலிருந்து அவர் விடுபட்டது 1973-ல்தான்!

சட்டத்தில் இந்த வண்டி சரியாக உட்காரவில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் இரண்டு வகை சொல்கிறது. தனித்தனிக் கட்டணத்தில் ஆள் ஏற்றி இறக்குவது ஒன்று. அதற்கு ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றும் வண்டி வேண்டும். முழு வண்டியையும் வாடகைக்குப் பேசுவது மற்றொன்று. பல ஷேர் ஆட்டோக்கள் இரண்டாவது வகைப் பெர்மிட்டில் முதல் வகை வேலையைச் செய்கின்றன. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் ஓரத்தில் குடியமர்த்தப்பட்டவர்களுக்கு இது வெறும் இலக்கணச் சிக்கல் அல்ல. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குப் பயணம் இலவசம். சரி, பேருந்து வராத நேரத்துக்கும் தெருவுக்கும்? அங்கே ஷேர் ஆட்டோதான். 2018-ல் மின்கலத்தில் ஓடும் வாடகை வண்டிகளுக்கு மத்திய அரசு பெர்மிட்டிலிருந்து விலக்கு தந்தது. புகையில்லாத வண்டிக்கு நல்ல சலுகை. ஆனால் தெருவுக்கு வண்டி வந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.

தமிழில் எப்படிச் சொல்வது? தனித்தமிழ் அன்பர்கள் தானியங்கியைச் சுருக்கி ஆட்டோவைத் 'தானி' என்பார்கள். 'பங்குத் தானி' என்றால் எனக்குப் பங்குச் சந்தைதான் நினைவுக்கு வருகிறது. 'பகிர்வுத் தானி' தேவலை, ஆனால் வேனை விட்டுவிடும். என் வாக்கு 'பகிருந்து' என்பதற்கு. மகிழுந்து போலவே வினைத்தொகை, மூன்று சக்கரமும் நான்கு சக்கரமும் அடங்கும். இலங்கையில் ஆட்டோவுக்கு வழங்கும் 'முச்சக்கர வண்டி' அழகான சொல்தான், ஆனால் அதில் 'ஷேர்' இல்லை.