வினிகர் காட்டும் வெள்ளைத் திட்டு

வாணலியில் உடைத்து ஊற்றிய முட்டையின் வெள்ளைக்கரு முதலில் கண்ணாடி மாதிரி இருக்கும். சூடு ஏறினால் புரதம் உறைந்து, ஒளியை உள்ளே விடாமல் வெள்ளையாகிவிடும். கருப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் எளிய பரிசோதனை ஒன்றும் ஏறக்குறைய இப்படித்தான் வேலை செய்கிறது. அதில் சூட்டுக்குப் பதில் அசிட்டிக் அமிலம்.

சமையலறை வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். 3 முதல் 5 சதவீதக் கரைசலில் பஞ்சை நனைத்து, நர்ஸ் கருப்பை வாயில் ஒற்றுவார். லேசாக எரியலாம். பிறகு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். நல்ல திசு பெரும்பாலும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். மாறத் தொடங்கிய செல்களிலோ உட்கரு பெருத்து, புரதம் அடர்ந்திருக்கும். அமிலம் பட்டதும் அது தற்காலிகமாக உறைய, அந்த இடம் மட்டும் ஓரம் தெளிவான வெள்ளைத் திட்டாகத் தெரியும். சில நிமிடங்களில் மங்கிவிடும். வெள்ளையாகத் தெரிந்தாலே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். அழற்சி இருந்தாலும் அப்படித் தெரியலாம்.

செல்களை மாற்றுவது ஹெச்.பி.வி. எனப்படும் மனித பாப்பிலோமா வைரஸ். இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு அதன் 16, 18 ஆகிய வகைகளே காரணம். செல் கட்டுமீறிப் பெருகாமல் காவல் காக்கும் இரண்டு புரதங்களை இந்த வைரஸ் செயலிழக்கச் செய்கிறது. பெரும்பாலோர் உடலில் ஓரிரு ஆண்டுகளில் வைரஸ் தானாகவே போய்விடும். தங்கிவிட்டாலும் புற்றுநோயாக மாறப் பொதுவாக 10, 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இவ்வளவு அவகாசம் தரும் புற்றுநோய்கள் அரிது. அதனால்தான் இதில் ஒரு பெண்ணை இழப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

வினிகர் பரிசோதனை உயிர் காக்குமா என்பதை உலகுக்குக் காட்டியது நம் திண்டுக்கல் மாவட்டம். 2000 முதல் 2003 வரை, 30 முதல் 59 வயதுக்குட்பட்ட 31,343 பெண்களை அங்கே பயிற்சி பெற்ற நர்ஸ்கள் பரிசோதித்தார்கள். ஒரே ஒரு முறைதான். 2007இல் வெளியான முடிவின்படி, பரிசோதனைக்கு அழைக்கப்படாத பெண்களோடு ஒப்பிட்டால், அழைக்கப்பட்ட பெண்களிடம் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வந்த மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன.

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்கு டெஸ்ட்?" என்று கேட்கும் அக்காக்களுக்குச் சொல்கிறேன்: ஒன்றும் தெரியாத காலத்தில்தான் இந்தப் பரிசோதனைக்குப் பலன் அதிகம். வெள்ளைத் திட்டு சிறியதாக இருந்தால், அந்த இடத்தைச் சூடாக்கியோ குளிரால் உறைய வைத்தோ பெரும்பாலும் அன்றே அழித்துவிடலாம். மயக்க மருந்து வேண்டாம், கருப்பையை எடுக்கவும் வேண்டாம்.

மாதவிடாய் நின்றவர்களுக்கு மாற்றம் நிகழும் பகுதி உள்ளே ஏறிவிடுவதால் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அவர்களுக்கு ஹெச்.பி.வி. பரிசோதனையே நல்லது. ஹெச்.பி.வி. தடுப்பூசிக்கு ஏற்ற வயது 9 முதல் 14. சிறு வயதில் அதைப் போட்டுக்கொண்டவர்களும் 30 வயதைத் தாண்டியதும் பரிசோதனைக்கு வர வேண்டும், ஏனென்றால் எல்லா வகை வைரஸையும் ஊசி தடுப்பதில்லை. மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்துவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை.